கடலிலிருந்து எண்ணினால் கடைசி வீடு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலின் தலைமாட்டில் சபைத் தலைவி சலேத்தம்மாள். சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை நெஞ்சோடு அணைத்தபடி கித்தேரி. பிரார்த்தனை பாடுவதற்குப் பனிமயம். தீர்த்தச் செம்புடன் இஞ்ஞாசியார். ஒற்றைக் கண் கஸ்பாரும் அவர் மனைவி பாக்கியமும். மெழுகுதிரிக் கட்டுடன் நான். கட்டிலில், சாகப்போகிறவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்ட தொம்மை. ஆக எட்டுப் பேர். கட்டிலுக்குக் கீழே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொம்மையைத் தவிர்த்த எங்கள் ஏழு பேருக்கும் ஊரில் நல்மரண சபை என்று பெயர். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு முனையில் கடலும் மறுமுனையில் கோயிலும் நிற்க, நடுவில் ஒரே தெருவாக நீண்டு கிடக்கிற ஊர் எங்களுடையது. வலை இழுத்த கையும் மீனுக்கு உப்புப் போட்ட கையும் ஓய்ந்து, இனி நம்மால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிற வயதில், சலேத்தம்மாள் எங்கள் வீடுகளுக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இந்த ஊரில் யாரும் தனியாகச் சாகக் கூடாது, அதுதான் வேலை, அதற்குக் காலில் பலம் வேண்டாம், கொஞ்சம் குரலும் நிறையப் பொறுமையும் இருந்தால் போதும் என்றார். அதற்குப் பிறகு யாருக்கு அவஸ்தை, கடைசி நேரம், என்று தகவல் வந்தாலும் கிளம்பிப் போனோம், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம், திரி ஏற்றினோம், செபமாலை சொன்னோம், சுரூபத்தை உதட்டில் வைத்து முத்தி செய்யக் கொடுத்தோம். கடைசியில் சலேத்தம்மாள் குனிந்து, போகிறவரின் காதில் சேசு, மரி, சூசை என்று மூன்று பெயர்களையும் சொல்லுவார். படகில் ஏறுகிற மாதிரி அந்தப் பெயர்களில் ஏறிக்கொண்டு மூச்சு போய்விடும். நாங்கள் போனதில் ஒருவர்கூட முகம் கோணிச் செத்ததில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தகவல் சொல்ல வருகிறவர், சாகக் கிடப்பவரின் பெயரை உச்சரிக்கமாட்டார். தன் பெயர் காதில் விழுந்தால் ஆத்துமா திரும்பிப் பார்த்துத் தயங்கி நின்றுவிடும் என்று பயம். அதனால் வீட்டை மட்டும்தான் சொல்லுவார்கள். பாக்கு வியாபாரி வீடு, பச்சைக் கதவு வீடு, அப்படி.

அன்று மத்தியானம் நாங்கள் ஏழு பேரும் தெருவின் நடுவில் இருக்கும் கருவாட்டுக் களத்தில் நிழலுக்கு உட்கார்ந்திருந்தோம். ஐஸ் பெட்டி ஏற்றிய லோடு ஆட்டோவில் மெல்கியோர் வந்தான். மீன் லாரியைப் பிடிக்கிற அவசரத்தில் வண்டியை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டி, "கடைசி வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்குது, வெரசாப் போங்க" என்று கத்திவிட்டுப் போனான்.

எங்கள் ஊரில் பெண்கள் வீட்டைக் கோயிலிலிருந்து எண்ணுவார்கள். ஆண்கள் கடலிலிருந்து எண்ணுவார்கள். பெண்களுக்கு ஊர் கோயில் வாசலில் தொடங்கிக் கடலில் முடிகிறது. ஆண்களுக்கு ஊர் கடலில் தொடங்கிக் கோயில் மதிலில் முடிகிறது. இத்தனை தலைமுறையாக இது யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. சலேத்தம்மாள் எழுந்தார், கடலைப் பார்த்து நடந்தார், நாங்கள் பின்னால் நடந்தோம். கஸ்பாரும் இஞ்ஞாசியாரும் ஆண்கள்தான். ஆனாலும் அவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் கடலோரக் கடைசி வீட்டுத் தொம்மைக்கு வருஷம் முழுக்க இழுப்பு.

தொம்மை சரக்குத் தோணிகளில் சமையல்காரராக இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் சரி என்று கேட்டுப் பழகியவர். நாங்கள் திரி ஏற்றுவதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன, எல்லாரும் சேந்து வந்திருக்கிய?"

செபமாலையை எடுத்தோம். அந்த நேரத்தில் பேசக் கூடாது.

"ஏட்டி கித்தேரி, எனக்கா?"

"பேசாதீய மாமா. மனச ஆண்டவருகிட்ட வைங்க."

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றால் விஷயம் தெரிந்துதான் வந்திருப்பார்கள் என்று முடிவுசெய்தவர் போலப் படுத்து, காலை நீட்டி, வேட்டியைச் சரிசெய்து, கையைக் கூப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, "கஞ்சி வடிச்சு வச்சிருக்கேன். குடிச்சிட்டுப் போலாமா, வெறும் வயித்தோடதான் போணுமா?" என்று கேட்டார்.

"மாமா!" என்றாள் கித்தேரி.

எல்லாம் முறையாக நடந்தது. செபமாலை முடிந்தது, பிரார்த்தனை முடிந்தது, தீர்த்தம் தெளித்தாயிற்று. சலேத்தம்மாள் குனிந்து மூன்று பெயர்களையும் சொன்னார். தொம்மை கண்ணை மூடி நிதானமாக மூச்சை விட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். அவர் மறுபடி மூச்சை இழுத்தார். சலேத்தம்மாள் மறுபடி சொன்னார். தொம்மை ஒரு கண்ணைத் திறந்தார்.

"நான் என்னம்மா செய்ய? அது பாட்டுக்கு வருது."

அப்போதுதான் மெல்கியோர் வாசலில் வந்து நின்றான். லாரிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். எங்களைப் பார்த்தான், தொம்மையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"இங்க என்ன செய்யுதிய? கடைசி வீடுன்னுல்ல சொன்னேன்!"

இதுதான் கடைசி வீடு என்று நாங்கள் ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஊரின் மறுமுனையில், கோயில் மதிலை ஒட்டிய வீட்டில் லெயோன் என்கிற முதியவர் தனியாக இருந்தார். சங்கு குளித்தவர். கல்லைக் காலில் கட்டி இறங்குவார். அவர் மூச்சை அடக்கினால் மேலே படகில் இருப்பவர்கள் வெற்றிலை போட்டு மென்று துப்பி முடிக்கலாம் என்பார்கள். கடல் அவர் காது இரண்டையும் உடைத்துவிட்டது. கேட்காத பூசைக்கு எதற்கு வருவது என்று கோயிலுக்கும் வருவதில்லை. மனைவி போய்விட்டார், மகன்கள் இருவரும் கப்பலில்.

நாங்கள் ஏற்றிய திரிகளை அணைக்காமலே தெருவின் முழு நீளமும் நடந்தோம். எங்கள் வயதில் அது நீண்ட தெரு. ஆனி மாதம், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மாதம். ஆனால் என் கையில் இருந்த திரிகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஆண்டவர் நம்மோடு வருகிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

லெயோன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி செத்திருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. நெஞ்சு நிறைந்து, விலா எலும்புகள் விரிந்து, இப்போதுதான் ஒரு பெரிய மூச்சை இழுத்தவர் போல இருந்தார். இழுத்ததை விட்ட அடையாளம் எங்கேயும் இல்லை. சலேத்தம்மாள் அவர் காதில் மூன்று பெயர்களையும் சொன்னார். உயிரோடு இருந்தபோதே கேட்காத காது. நெஞ்சு இறங்கவில்லை. பெட்டியில் வைத்தபோதும் இறங்கவில்லை. தச்சர் மூடியை உயர்த்தி அடிக்க வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது பாக்கியம்தான் முதலில் சொன்னாள்: "காத்து எங்கக்கா?"

காற்று இல்லை. லெயோன் அதை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், முதலில் குறை சொல்லி, பிறகு பழகி ஏற்றுக்கொண்டது. பனைகளின் ஓலைகள் படத்தில் வரைந்தது போல நின்றன. அடுப்புப் புகை ஒவ்வொரு கூரைக்கு மேலும் நட்டுவைத்த கம்பாக நின்றது. கொடியில் போட்ட துணி போட்ட மடிப்போடு காய்ந்தது. ஒவ்வொரு வீட்டு மீன்குழம்பு வாசனையும் அந்தந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் தேங்கி நின்றதால், யார் வீட்டில் விலை கூடிய சீலா மீன், யார் வீட்டில் வெறும் புளித்தண்ணீர் என்று தெருவில் நடந்து போகிற எல்லாருக்கும் தெரிந்தது. வெகுநாளாகச் சீலா வாங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் பின்வாசலில் சமைக்கத் தொடங்கின. இயந்திரப் படகுக்காரர்கள் சந்தோஷமாகப் போனார்கள், கடல் அவர்களுக்குத் தட்டில் ஊற்றிய பால் போலக் கிடந்தது. வானிலைக்காரர்கள் ஒரு ஜீப்பில் காற்று அளக்கிற கருவியுடன் வந்தார்கள். ஊர் எல்லையில் சிலுவை நட்ட குருசடிக்கு அந்தப் பக்கம் அது சுற்றியது, இந்தப் பக்கம் கொண்டுவந்தால் நின்றது. அவர்கள் அதைத் தட்டிப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டார்கள், டீ குடித்துவிட்டுக் கருவி பழுது என்று போய்விட்டார்கள்.

கருவாட்டுக்காரிகளுக்குத்தான் சாப்பாட்டில் அடி விழுந்தது. வெயில் மட்டும் இருந்தால் கருவாடு ஆகாது, காற்றும் வேண்டும். நானும் வாழ்நாள் முழுக்கக் கருவாட்டை எண்ணி அடுக்கியவள்தான். களத்தில் விரித்தது விரித்தபடி வெந்து புழு வைத்தது. அந்தப் பெண்கள் எங்களைப் பார்க்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அதற்குப் பிறகு கயிறுகள் அசையத் தொடங்கின.

முதலில் கித்தேரி வீட்டு ஆட்டுக் கயிறு. ஆடு ஒரு பக்கம் நிற்க, கயிறு இன்னொரு பக்கமாக, கோயிலைப் பார்த்து இரண்டு தரம் வெட்டி இழுத்தது. பிறகு மெல்கியோர் வீட்டுத் தொட்டில் கயிறு. பிறகு துணிக்கொடிகள், கிணற்றுக் கயிறுகள், படகு கட்டிய வடங்கள், எல்லாம் அதே திசையில், இரண்டிரண்டு தரம். கோயில் மணிக் கயிறும் இழுபட்டு நேரங்கெட்ட நேரத்தில் மணி பாதி ஓசை கொடுத்து நின்றது. இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. தொட்டிலுக்கு இரட்டை முடிச்சுப் போட்டார்கள். தண்ணீர் இறைக்கிற பெண்கள் கை நடுவில் இழுபட்டால் "இரு இரு" என்று சொல்லிவிட்டு மறுபடி இறைத்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளிடம் மாமியார், அது ஒன்றுமில்லை, லெயோன் பெரியவர், என்று சொன்னதை நானே கேட்டேன்.

சலேத்தம்மாள் மட்டும் பழகவில்லை. அவர் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, கொடிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அது இரண்டு தரம் இழுபட்டது. அவர் முகம் வெளுத்துப்போனது.

"ரெண்டு வெட்டு வெட்டுனா தூக்குன்னு அர்த்தம்" என்றார்.

சலேத்தம்மாளின் கணவர் எஸ்தாக்கி, லெயோனுக்குக் கயிறு பிடித்தவர், கீழிருந்து இரண்டு வெட்டு வந்ததும் அவரைப் படகுக்குத் தூக்கிவிடுகிறவர். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எஸ்தாக்கி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அதை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"லெயோன் அண்ணன் கீழ நிக்காரு. மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. மேல ஆள் இருந்தாத்தான விடுவாரு? எங்க வீட்டு மனுசன் ஒருநாளும் கயித்த விட்டதில்ல. கையில கொப்புளம் வெடிச்சு ரத்தம் வந்தப்பவும் விடல. நான் கடலப் பாத்து நடந்துட்டேன்."

"எல்லாருந்தானக்கா நடந்தோம்" என்றேன்.

"முன்னால நடந்தது யாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற்றினார்கள். கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு ஈரத்துண்டு போலத் தொங்கியது. அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த ஊருக்கு அது பொறுக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலிலேயே கூட்டம் போட்டார்கள். கயிறுகள் எல்லாம் லெயோன் வீட்டைப் பார்த்துத்தான் இழுக்கின்றன, ஆகையால் கோளாறு அந்த வீட்டில், திருவிழா முடிந்த திங்கட்கிழமை ஜேசிபி கொண்டுவந்து வீட்டை இடித்துவிடுவது என்று ஊர்க் கமிட்டித் தலைவர் சொன்னார். மகன்கள் கப்பலிலிருந்து போனில் சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

பங்குச் சாமி உள்நாட்டு ஊர்க்காரர், இளவயது, நல்ல மனிதர். எங்கள் பக்கம் திரும்பி, "கதவு எண்ணைச் சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காதே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது தபால்காரருக்குள்ளது சாமி" என்றாள் கித்தேரி. "சாவு நம்பர் பாத்தா வருது?"

சிரிப்பு எழுந்தது. சாமியும் சிரித்தார். பிறகு, சிரிப்பு அடங்கியதும், எங்களுக்கு வலிக்கக் கூடாது என்று வார்த்தையைத் தேடிப் பொறுக்கி, "இப்போ ஆம்புலன்ஸ் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. பெரியவங்க இனிமே அலைய வேண்டாம். சபை இருக்கட்டும். நீங்க வீட்டிலிருந்தே செபம் பண்ணுங்க" என்றார்.

யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கஸ்பார் தன் ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பனிமயத்துக்குக் காது மந்தம், "என்ன சொல்லுதாவ?" என்று பாக்கியத்தைக் கேட்டாள்; பாக்கியம், "நாம வீட்ல இருக்கணுமாம்" என்று சத்தமாகச் சொன்னாள்.

சலேத்தம்மாள் எழுந்தார்.

"வீட்ல இருந்து கயிறு பிடிக்க முடியுமா சாமி?"

சாமிக்கு அது புரியவில்லை. அவர் புரியாமல் நிற்பது ஊருக்குப் புரிந்தது.

"வீட்ட இடிச்சா கயிறு அந்துபோகும். அவரு கீழேயே நின்னுருவாரு. இடிக்கதுக்கு முன்னால எனக்கு ஒரு காலைப் பொழுது கொடுங்க" என்றார் சலேத்தம்மாள். "முடியலேன்னா நானே நின்னு இடிக்கச் சொல்லுதேன். சபையையும் கலைச்சுருங்க."

கமிட்டித் தலைவர் சாமியைப் பார்த்தார். சாமி கொடியைப் பார்த்தார். சரி என்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஊரே அங்கே நின்றது. ஜேசிபி கையை மடக்கிக்கொண்டு மதிலோரம் உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் அவஸ்தை வீட்டுக்குப் போகிற மாதிரியே வந்தோம்: சுரூபம், செம்பு, திரி. எங்களைக் கண்டதும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று எனக்குத் தெரியாது.

கதவுக்கு முன்னால் எங்கள் கால்கள் நின்றுவிட்டன. உண்மையைச் சொன்னால் பயம். கதவு உள்நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது. பலகையின் நடுவில் குழி விழுந்திருந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இரைக்க இரைக்கத் தொம்மை வந்தார்.

"தள்ளுங்க. எனக்குத்தான் எல்லாம் ஓதியாச்சுல்லா. நான் முன்னால போறேன்."

"மாமா, உங்களுக்கு இழுப்பு" என்றேன்.

"இழுக்கத்தானட்டி போறோம்" என்றார் தொம்மை, கதவைத் திறந்தார். அன்றிலிருந்து சபையில் எட்டுப் பேர்.

உள்ளே கட்டில் இருந்தது. சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில் லெயோன் சங்கு குளித்த காலத்துக் கயிறு மாட்டியிருந்தது, ஆனால் சுருளாக இல்லை. ஆணியிலிருந்து நேர்கோடாக இறங்கி, கட்டிலின் காலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரைக்குள் போயிருந்தது. தரையில் ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. தண்ணீருக்குள் போகிற மாதிரி போயிருந்தது. கயிறு விறைத்து நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் வெட்டியது. முன்பு போல அவ்வளவு பலமாக இல்லை.

"களைச்சுட்டாரு" என்றார் சலேத்தம்மாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆணியிலிருந்து கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் தொம்மை, தொம்மைக்குப் பின்னால் கஸ்பார், பாக்கியம், இஞ்ஞாசியார், கித்தேரி, நான், கடைசியில் வாசற்படியில் காலை முட்டுக்கொடுத்துப் பனிமயம். சுரூபத்தைக் கட்டிலில் வைத்துவிட்டோம். பனிமயம் பிரார்த்தனையை எடுத்தாள். ஒவ்வொரு புனிதரின் பெயரையும் அவள் நீட்டிச் சொல்ல, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்கிற இடத்தில் நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு பிடி இழுத்தோம். பெயர், இழுப்பு. பெயர், இழுப்பு. கரைவலை இழுக்கிற அதே தாளம். எங்கள் கைகளுக்கு அது மறக்கவில்லை.

கயிறு ஈரமாக வந்தது. அந்தக் கயிற்றின் நீளத்தைவிட அதிகமாக வந்தது. அறையில் குவிந்தது, கட்டிலை மூடியது, எங்கள் முழங்கால் வரை ஏறியது. வெயிலே படாத ஆழத்துத் தண்ணீரின் குளிர்ச்சி எங்கள் பாதங்களில் ஏறியது. இஞ்ஞாசியாரின் உள்ளங்கை கிழிந்தது. தொம்மையின் நெஞ்சு கொல்லன் துருத்தி போலச் சத்தம் போட்டது, ஆனாலும் அவர் பிடியை விடவில்லை. புனிதர்களின் பெயர்கள் தீர்ந்துபோயின. பனிமயம் நிறுத்தவில்லை, ஊரில் நாங்கள் கண்ணை மூடி அனுப்பிவைத்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். வெளியே நின்ற கூட்டம் அந்தப் பெயர்களுக்கும் வேண்டிக்கொள்ளும் என்று சேர்ந்து சொன்னது, தன் தாயின் பெயரைக் கேட்ட கமிட்டித் தலைவர் உட்பட.

எஸ்தாக்கியின் பெயர் வந்தபோது கயிறு இலகுவாயிற்று. அவ்வளவு இலகுவாக, நாங்கள் எல்லாரும் பின்பக்கமாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம்.

சலேத்தம்மாள் மட்டும் விழவில்லை. காலியான இடத்தைப் பார்த்துக் குனிந்தார், காது எங்கே இருக்குமோ அங்கே, மூன்று பெயர்களையும் சொன்னார். பிறகு, "அண்ணே, மேல வந்தாச்சு. விடுங்க" என்றார்.

விட்டார்.

அந்த மூச்சை நான் எப்படிச் சொல்வேன். கதவு வெளிநோக்கிப் பறந்தது. ஓடுகள் சீட்டுக்கட்டாக எழுந்து அமர்ந்தன. ஜேசிபி ஓட்டுநரின் துண்டு அவர் தோளைவிட்டுப் போய்க் கோயில் கோபுரத்தில் மாட்டிக்கொண்டது. தெருவெங்கும் அத்தனை நாளாகத் தேங்கியிருந்த மீன்குழம்பு வாசனைகள் ஒன்றோடொன்று கலந்து கடலுக்குள் ஓடின. கொடி படார் என்று விரிந்த சத்தத்தில் குழந்தைகள் அலறின. அந்த மூச்சின் நடுவில், முதியவரின் கரகரத்த குரலில், ஒரு சொல் இருந்தது. அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்டது. பனிமயத்துக்கும் கேட்டது.

"பதினாலு."

வெளியே ஊர் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தது. நாங்கள் கயிற்றுக் குவியலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தோம்.

"பதினாலு சங்கா எடுத்தாரு?" என்று கேட்டார் தொம்மை. "கையில ஒண்ணையும் காணோமே."

சலேத்தம்மாள் உட்கார்ந்துவிட்டார். "எடுத்ததச் சொல்லமாட்டாவ" என்றார். "எடுத்தது கூடையில தெரியும்லா. இன்னும் கீழ எத்தன கெடக்கு, அதத்தான் மேல வந்ததும் சொல்லணும். அடுத்து எறங்குறவருக்கு அது தெரியணும்."

கித்தேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

கீழே இன்னும் பதினான்கு பேர் நிற்கிறார்கள். தனியாகச் செத்தவர்கள், காதில் பெயர் சொல்ல ஆளில்லாமல் இறங்கிப்போனவர்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் அதைச் சந்தேகப்படவில்லை, பதினான்கு யார் யார் என்றுதான் பேசினார்கள். ஒவ்வொரு வீடாக எங்களிடம் வந்தார்கள். புயலில் படகோடு போன அண்ணன் தம்பி மூவர். கொள்ளைநோய்க் காலத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப்புறம் போன பள்ளிக்கூட ஆசிரியை. வெளிநாட்டில் கட்டடத்திலிருந்து விழுந்தவன். பிரசவத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் போனவள். இப்படிப் பதின்மூன்று வந்தது. பதினான்காவது ஆள் கிடைக்கவில்லை. அது தவறு, பதின்மூன்றுதான் என்று கஸ்பார் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் மெல்கியோர்தான் ஞாபகப்படுத்தினான்: பல வருஷத்துக்கு முன்னால் கரையில் ஒதுங்கி, யாரென்று தெரியாமல் நாங்களே அடக்கம் செய்த ஆள். கணக்குச் சரியாயிற்று.

பங்குச் சாமி எங்கள் சபையைக் கலைப்பதைப் பற்றி மறுபடி பேசவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் மோட்சத்துக்குக் காத்திருக்கிற ஆத்துமாக்களுக்காக உழைப்பது திருச்சபை ஒத்துக்கொண்ட காரியம்தான் என்று பிரசங்கத்தில் சொன்னார். சொல்லும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை, வெட்கப்பட்டார்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவரும் லெயோன் போல மூச்சுக்காரர்கள் இல்லை. அவர்கள் அடக்கி வைத்திருந்தது சின்னச் சின்ன மூச்சு. எங்காவது ஒரு பனை மட்டும் ஆடாமல் நிற்கும், அவ்வளவுதான், அதனால்தான் இத்தனை காலம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தோம். எந்தப் பனை நிற்கிறதோ அதை அடுத்த வீட்டில் ஏதாவது ஒரு கயிறு இரண்டு தரம் வெட்டும். போவோம், பிடிப்போம். இளவட்டங்கள் ஆசையாகக் கைகொடுக்க வந்தார்கள். அவர்கள் கையில் கயிறு வெறும் கயிறாகத் தொங்கியது. எங்கள் கையில்தான் கனத்தது. ஏன் என்று சாமி கேட்டார். கீழே இறங்குகிற வழியில் பாதி தூரம் நாங்கள் வந்துவிட்டோம், அதனால் எங்களுக்கு எட்டுகிறது என்றார் தொம்மை.

ஆசிரியை வந்தபோது எங்கள் எல்லாரையும் உட்காரச் சொல்வது போல ஒரு காற்று வீசியது. பிரசவத்தில் போனவளின் மூச்சோடு இன்னொரு சின்ன மூச்சும் வந்தது. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று நான் திகைத்தேன். மேலே வருகிற ஒவ்வொருவரும் முறைப்படி மீதியைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். தாயும் பிள்ளையும் ஒன்றுதான் என்று அவள் சொன்ன எண்ணிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எங்களிலும் போகிறார்கள். பனிமயம் போனாள். இஞ்ஞாசியார் போனார். கஸ்பார் போகும்போது, பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல கண் எதுவோ அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போனார். தொம்மை போகும்போது, எனக்கு ஏற்கெனவே ஓதியாயிற்று, திரியை வீணாக்காதீர்கள் என்று சண்டை போட்டார். நாங்கள் கேட்கவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னோம், அவர் முணுமுணுத்தபடியே போய்ச் சேர்ந்தார். நான்கு பேருக்கும் நாங்கள் இருந்தோம். நான்கு பேரும் கடைசி மூச்சை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நான் உற்றுப் பார்த்தேன்.

ஆகக் கயிறு பிடிக்க இப்போது சலேத்தம்மாள், கித்தேரி, பாக்கியம், நான். சலேத்தம்மாள் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பிடிக்கிறார். நன்மை வாங்குகிறார், நன்றாகத் தூங்குகிறார். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர் அவர், ஆனால் சாகிற எண்ணமே இல்லை. "வேல கெடக்கேட்டி" என்கிறார். கித்தேரிக்குத்தான் கவலை. "நாம முடியதுக்கு முன்னால அவிய முடியணுமே அக்கா" என்று அடிக்கடி சொல்கிறாள். அதற்குச் சலேத்தம்மாள், "கயித்தப் பாருட்டி, கணக்கப் பாக்காத" என்கிறார். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். முந்தாநாள் வரை கீழே ஆறு பேர் மீதி.

நேற்று காலை பாக்கியம் வீட்டுப் பனை ஆடாமல் நின்றது. போனோம். அவள் கிணற்றுக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியைக் கிணற்றோரம் போட்டுச் சலேத்தம்மாளை உட்காரவைத்து, நான்கு பேரும் பிடித்தோம். பாட ஆளில்லாததால் பெயர்களைக் கித்தேரிதான் சொன்னாள், தப்பும் தவறுமாக. கனமாக இருந்தது. ஊரார் தள்ளி நின்று பார்த்தார்கள், முடிந்தவர்கள் வேண்டிக்கொள்ளும் என்றார்கள். மத்தியானப் பூசை மணி அடிக்கிற நேரத்தில் கயிறு இலகுவாயிற்று. வந்தது கரையில் ஒதுங்கிய அந்தப் பெயர் தெரியாத ஆள். காதில் மூன்று பெயர்களையும் சொன்னதும், பனை ஓலை ஒருதரம் சலசலத்தது. அவர் பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சாக இல்லை, வேறு ஏதோ கரையின் பேச்சு. ஆனாலும் எண்ணை மட்டும் நாங்கள் நான்கு பேரும் தெளிவாகக் கேட்டோம்.

ஐந்து.